பட்டப் படிப்பும் மனப் பக்குவமும்

வாணிபம் செய்யும் நம் சமூகத்தார் கல்விக்குப் பொருள் கொடுக்கத் தயங்கியவர்கள் அல்லர். 1951-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியில் எழுந்த ஜமால் முகம்மது கல்லூரி, வணிகர்கள் மனமுவந்து ஈந்த பொருளால் உருவானதேயாகும். லூமுட்டில் கடை நடத்தும் நம் சகோதரர்களும் தங்கள் பிள்ளைகளைச் செரி இஸ்கந்தாருக்கும் கம்பாருக்கும் பினாங்குக்கும் பட்டப் படிப்புக்கு அனுப்புகிறார்கள். மெத்த மகிழ்ச்சி. கட்டணத்தைத் தந்தை கட்டிவிடலாம். படிக்க வேண்டுமென்ற ஆவலையும் அவரே வாங்கிக் கொடுத்துவிட முடியுமா? இதுவே நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி.

நம் இல்லங்களில் இதற்கு இரண்டு வழிகள் கையாளப்படுவதைக் காண்கிறோம். ஒன்று, “நல்ல மதிப்பெண் எடுத்தால் மோட்டார் சைக்கிள்” என்று ஆசை காட்டுவது. மற்றொன்று, “உனக்காகத்தானே விடியற்காலை முதல் கடையில் நிற்கிறேன்” என்று கடனை நினைவூட்டுவது. முன்னது கூலி; பின்னது கடன் பத்திரம். இரண்டும் நல்லெண்ணத்தில் பிறந்தவையே. ஆயினும் பயன் என்ன?

அமெரிக்க உளநூல் அறிஞர் எட்வர்ட் டெசி 1971-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். கட்டைகளை இணைத்து உருவம் அமைக்கும் புதிரைக் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்தார். ஒரு சாராருக்கு, இரண்டாம் முறை மட்டும், அமைத்த உருவம் ஒவ்வொன்றுக்கும் ஒரு டாலர் அளித்தார். மூன்றாம் முறை காசு இல்லை. ஓய்வு வேளையில் அவர்கள் தாமாக அப்புதிரைத் தொட்ட நேரமும் குறைந்தது. 1999-இல் அவரும் நண்பர்களும் 128 சோதனைகளை ஒருங்கே திரட்டி ஆராய்ந்தார்கள். முன்கூட்டிப் பேசிய பரிசு உள்ளார்வத்தைக் குறைக்கிறது, உண்மையான பாராட்டு அதை வளர்க்கிறது என்றே கண்டார்கள்.

கடனை நினைவூட்டும் வழியோ இன்னும் கவனத்திற்குரியது. நன்றியறிதல் நற்பண்புதான். ஆனால் எந்நேரமும் கடனாளியாகவே நிற்கும் பிள்ளை, முதற் பருவத் தேர்வில் ஒரு பாடத்தில் தவறினால் என்ன செய்வான்? மறைப்பான். கடன்பட்டவன் கடைத்தெருவில் நம் முகம் பார்க்கக் கூசி எதிர்ப்பக்கம் போவதில்லையா? அப்படித்தான்.

இங்கேதான் ‘உணர்வறிவு’ எனும் சொல் துணைக்கு வருகிறது. தன் மனத்தில் எழும் உணர்ச்சியை அறிந்து ஆள்வதும், பிறர் மனமறிந்து நடப்பதுமே அது. 1990-இல் சாலவே, மேயர் எனும் அறிஞர் இருவர் இதை விளக்கி எழுதினர். 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, 27 நாடுகளைச் சேர்ந்த 42,000-க்கும் மேற்பட்ட மாணவர்களைப் பற்றிய ஆராய்ச்சிகளைத் தொகுத்தது. மூளைத் திறனுக்கும் ஒழுங்கான உழைப்புக்கும் அடுத்தபடியாக, தேர்ச்சிக்குத் துணை நிற்பது உணர்வறிவே என்று அது கூறிற்று. தேர்வு பயம், சலிப்பு, ஏமாற்றம் ஆகியவற்றைத் தாங்கத் தெரிந்தவன் தொடர்ந்து படிக்கிறான்.

இது நமக்குப் புதிய சரக்கா? வாடிக்கைக்காரர் படியேறும்போதே அவர் முகக் குறிப்பறிந்து பேசுகிறவர் வணிகர். சினந்தவரைச் சாந்தப்படுத்துவார், தயங்குகிறவரை நெருக்கமாட்டார். அந்தத் திறமையைக் கல்லாவோடு பூட்டிவிட்டு வீட்டுக்கு வருவது முறையா? மகனும் மகளும் தொலைபேசியில் பேசும்போது குரல் தளர்ந்திருப்பதை உணராமல், மதிப்பெண்ணை மட்டும் விசாரிப்பது நியாயமா?

“அப்படியானால் கணக்கே கேட்கக் கூடாதா?” என்பீர்கள். தாராளமாகக் கேட்கலாம். பெற்றோர்க்கு அந்த உரிமை உண்டு. ஆனால் கூலியாளிடம் கேட்கும் கணக்கு வேறு, பங்காளியிடம் கேட்கும் கணக்கு வேறு. கூலியாள் மணி பார்ப்பான். பங்காளி நட்டத்தையும் தானே வந்து சொல்லுவான், ஏனெனில் அது அவனுடைய கடையுமாகும். படிப்பு பிள்ளையின் சொந்த முதலாக வேண்டுமானால், எந்தத் துறை என்பதில் அவனுக்கும் அவளுக்கும் வாக்கு இருக்க வேண்டும். தோல்வியை அஞ்சாமல் சொல்ல நம் வீட்டுத் திண்ணையில் இடமும் இருக்க வேண்டும்.

அடுத்த முறை பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது, “எத்தனை மதிப்பெண்?” என்பதற்கு முன், “எந்தப் பாடம் உனக்குப் பிடித்திருக்கிறது? எது கஷ்டமாயிருக்கிறது?” என்று கேட்போமாக. காசு செலவில்லாத கேள்விதான். அதற்கு வரும் பதிலைப் பொறுமையாகக் கேட்பதே சகோதரர்களுக்கு அரிய காரியம்.