இரக்கம் போதுமா?

உளவள ஆலோசனை படிக்கும் மாணவர் எவரும் மாற்றுத்திறனாளிகளை வெறுப்பதாகச் சொல்லமாட்டார், இரக்கப்படுவதாகவே சொல்வார். அந்த இரக்கத்தைத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். சக்கர நாற்காலியில் வந்தவரை விட்டுவிட்டு, "இவர் சரியாகத் தூங்குகிறாரா?" என்று உடன்வந்த அக்காவிடம் கேட்கும்போது, அந்த இரக்கம் எதிரில் இருப்பவரின் வாயை அடைத்துவிடுகிறது. அவர் வாழ்வே துயரம் என்ற முன்முடிவு அதற்குள் ஒளிந்திருக்கிறது. 1999-இல் ஆல்பிரெக்ட், டெவ்லீகர் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்விலோ, கணிசமான குறைபாடு உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தம் வாழ்க்கைத் தரம் நன்று அல்லது மிக நன்று என்றே சொன்னார்கள். பார்ப்பவர் போடும் கணக்கு வேறு, வாழ்பவர் போடும் கணக்கு வேறு.

அப்படியானால் வலியே இல்லையா என்று கேட்கலாம். உண்டு, தண்டுவடக் காயத்தின் நரம்பு வலியை எவருடைய நல்ல மனப்பான்மையும் போக்கிவிடாது. ஆனால் சக்கர நாற்காலியில் வந்தவர் பேச நினைத்தது மணமுறிவைப் பற்றியும் இருக்கலாம், அதைக் கேட்டால்தானே தெரியும்? இன்னும் கடினமான மறுப்பு, எல்லாம் முன்வினைப் பயன் என்பது. அதை நம்புகிறவர் நம்பட்டும். இன்னொருவரின் வினைக்கணக்கை வாசிக்கும் உரிமை எந்த மனிதருக்கும் இல்லை. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, பாவம் இவருடையதா, பெற்றோருடையதா என்று சீடர்கள் கேட்டபோது, இயேசு இரண்டையும் மறுத்ததாக யோவான் நற்செய்தியின் 9-ஆம் அதிகாரம் சொல்கிறது. காரணம் தேடுவது ஆலோசகரின் வேலையல்ல. பயிற்சி தரும் துறைகளுக்கு ஒரு வேண்டுகோள்: மாற்றுத்திறனாளிகளைப் பாடத்தின் உதாரணங்களாக அல்ல, பாடம் நடத்தும் ஆசிரியர்களாக வகுப்பறைக்கு அழையுங்கள்.