ஐஸ் ஹவுஸில் இருந்தவர்கள்

திருச்சி காட்டூரிலிருந்து பஸ் ஏறி மெயின்கார்ட் கேட்டில் இறங்கினால் தெப்பக்குளம். ஆங்கிலேயத் தளபதி கிளைவ் இருந்த வீடு என்று ஊர் சொல்லும் கட்டடம் அந்தக் குளத்தங்கரையில்தான். பிற்காலத்தில் அது மாணவர் விடுதியாயிற்று. படை நடத்தியவரின் பெயர் நிலைத்தது. அங்கே தங்கிப் படித்த பையன்களின் பெயரை யாரும் சொல்வதில்லை. அந்த வீட்டை நினைத்தால், அதுபோலவே ஒரு காலத்தில் விடுதியாயிருந்த சென்னை ஐஸ் ஹவுஸும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது.

*

மெரினாவைப் பார்த்து நிற்கும் அந்த வட்டக் கட்டடம் 1842-இல் டூடர் கம்பெனி எழுப்பியது. அமெரிக்காவில் உறைந்த குளங்களை அறுத்துப் பாளம் பாளமாக ஐஸ் எடுத்து, மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றினார்கள். அது கரைந்துபோகாமல் காப்பதற்கென்றே கட்டிய கிடங்கு இது. இங்கேயே இயந்திரத்தில் ஐஸ் தயாரானதும் அந்த வியாபாரம் படுத்தது. வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் கட்டடத்தை வாங்கி, சன்னலும் தாழ்வாரமும் வைத்துக் குடிபுகுந்தார். காற்றையும் வெளிச்சத்தையும் வெளியே நிறுத்திய சுவரில் சன்னல் திறந்தபோதுதான் அது வீடாயிற்று என்று எனக்குப் படுகிறது.

*

1897 பிப்ரவரியில் விவேகானந்தர் இங்கே ஒன்பது நாள் தங்கினார். அவருடைய நூற்றாண்டான 1963-இல் கட்டடத்துக்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர் வந்தது. இன்று ராமகிருஷ்ண மடம் அங்கே கண்காட்சி நடத்துகிறது. பேட்டை மட்டும் இன்னும் ஐஸ் ஹவுஸ்தான்.

*

என் மனம் தங்குவது இடைப்பட்ட காலத்தில். சகோதரி சுப்பலட்சுமி பால்ய விதவை, 1911-இல் பி.ஏ. பட்டம் பெற்றவர். தம்மைப் போலவே சிறு வயதில் கணவனை இழந்த பிராமணப் பெண்களைச் சேர்த்துப் படிக்க வைத்தார். அவர்களுக்கான விடுதி பல வருடம் இந்தக் கட்டடத்தில் நடந்தது. சுபகாரியங்களில் எதிரே வரக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட பெண்கள். வீட்டின் பின்கட்டு இருட்டுக்குள் ஆயுள் முடிந்திருக்க வேண்டியவர்கள், இங்கே கடலைப் பார்த்த சன்னல்களின் அருகே பாடம் படித்தார்கள். படித்து ஆசிரியைகளாகவும் ஆனார்கள். பக்கத்தில் 1922-இல் தொடங்கிய லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரிக்கு முதல் முதல்வரும் சுப்பலட்சுமிதான்.

அந்தச் சுவர்கள் காத்தவற்றில் ஐஸைவிட, புகழைவிட, இந்தப் பெண்களின் படிப்பையே நான் பெரிதாக எண்ணுகிறேன்.

*

உங்கள் ஊரிலும் ஒரு பழைய வீடு இருக்கும். அங்கே யார் யார் இருந்தார்கள், யார் சமைத்தார்கள், யார் படித்தார்கள் என்று பெரியவர்களை இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.