தண்ணீர் விடுவது பற்றி

ஸிங்கிள் மால்ட்டில் தண்ணீர் விடலாமா என்பதை நம்மவர்கள் ஒரு நாகரிகப் பிரச்னையாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது நேர்மை பற்றிய பிரச்னையாகப் படுகிறது.

பல வருஷங்கள் நான் 'சுத்தமாக'க் குடிக்கிற கட்சியில் இருந்தேன். ஒரே வடிசாலை, முளைகட்டிய பார்லி, செம்புக் கொப்பரை, ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருஷம் (ஸ்காட்லாந்தின் சட்டம் கேட்பது அவ்வளவே, பெயர்பெற்றவை 10, 16 என்று கிடக்கும்). இத்தனைக்கும் பிறகு வந்து சேர்ந்ததில் குழாய்த் தண்ணீரை ஊற்றுவது கவிதைக்குப் பொழிப்புரை எழுதுகிற காரியம் என்று சொல்லித் திரிந்தேன். இந்த உவமை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதனாலேயே அதைச் சந்தேகித்திருக்க வேண்டும்.

பீப்பாயிலிருந்து எடுக்கையில் வீரியம் பெரும்பாலும் 50 சதவீதத்துக்கு மேல். லாகவூலின் 16 வருஷப் புட்டியில் இருப்பது 43, ஆர்ட்பெக் 10ல் 46. இடையில் நடந்தது தண்ணீர்தான். ஆக, சுத்தமாகக் குடிக்கிறவன் முன்பின் தெரியாத ஒருவன் விட்ட தண்ணீரைக் குடித்துவிட்டு அதற்கு மூலம் என்று பெயர் வைக்கிறான். பழம் பாட்டிலும் நாம் மூலம் என்பது பதிப்பாசிரியர் சந்தி பிரித்துக் கொடுத்ததைத்தானே.

ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல்ஸன், ஃப்ரீட்மன் இருவரும் 2017ல் இதைக் கணினியில் ஆராய்ந்தார்கள். புகை மணம் தரும் குவையகால் என்ற பொருள், வீரியம் 59 சதவீதத்துக்கு மேலிருந்தால் திரவத்துக்குள் அமிழ்ந்துகிடக்கிறது. 45க்குக் கீழே இறங்கினால் மேற்பரப்புக்கு வந்துவிடுகிறது. தண்ணீர் மூடுவதில்லை, திறக்கிறது. ஐஸ்தான் மூடுகிறது, குளிரில் மணம் எழும்பாது. வாய் குறுகிய கிளாஸ், ஒரு ஸ்பூன் தண்ணீர், சற்றுப் பொறுமை. முறை என்று நான் இன்று சொல்லக்கூடியது இவ்வளவே.

ஆனால் என்னை உறுத்துவது வேறு. கட்சியில் இருந்த காலத்தில் ஒரு நண்பருக்கு லாகவூலின் ஊற்றிக் கொடுத்தேன். முகர்ந்துவிட்டு, "ஆஸ்பத்திரி வாசனை அடிக்குதுங்க" என்று கீழே வைத்துவிட்டார். நான் சிரித்தேன். "கடற்பாசி, அயோடின், ஐலாத் தீவின் பீட் புகை" என்று திருத்தினேன். மூன்றும் புத்தகத்தில் படித்தவை. நான் அதுவரை கடற்பாசியை முகர்ந்ததில்லை.

அவர் அப்பாவை வார்டில் வைத்து இரண்டு மாதம் பார்த்துக்கொண்டவர். எனக்குத் தெரிந்த விஷயம்தான்; அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. அவருடைய மூக்கு தவறவும் இல்லை. பீட் புகையிலிருந்து பார்லி உறிஞ்சிக்கொள்வது ஃபீனால் குடும்பத்தை. ஆஸ்பத்திரியின் கார்பாலிக் என்பதும் ஃபீனாலேதான். 1865ல் லிஸ்டர் அதைக் காயத்துக்குப் போட்டதும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில். வாழ்ந்து பெற்ற ஒரு சொல்லை இரவல் சொல்லால் அடித்து உட்காரவைத்தேன். விமர்சனம் என்ற பெயரில் இதையே எத்தனை பேருக்குச் செய்திருக்கிறேன் என்று கணக்குப் பார்க்கத் துணிவில்லை.

வெகுநாள் கழித்து வந்தார். இம்முறை தண்ணீர்க் கூஜாவை அவர் பக்கம் நகர்த்தினேன். கொஞ்சம் விட்டுக்கொண்டு முகர்ந்தார்.

"இப்ப இன்னும் ஜாஸ்தியா அடிக்குதே" என்றார்.

லாகவூலினை உள்ளே வைத்துவிட்டு, புகை படாத க்ளென்லிவெட்டை எடுத்துவந்தேன்.