முதல் கிண்ணத்தை நீட்டியவர் யார்?



நடிகை சாவித்திரியின் வாழ்க்கையைச் சித்திரிக்கும் 'நடிகையர் திலகம்' என்ற படம் 2018-ஆம் ஆண்டில் வெளிவந்தது. உங்களில் பலர் அதைப் பார்த்திருக்கலாம். 'பாசமலர்' தங்கையாக நம்மை அழவைத்தவர் சாவித்திரி. யுத்த நிதிக்கென்று தம் நகைகளைப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியிடம் கொடுத்த தாராள மனத்தினர். அவரே குடிக்கு அடிமையானார். உடல் நலிந்து, 1980-இல் நினைவிழந்து, சுமார் 19 மாதம் அப்படியே கிடந்து, 1981 டிசம்பர் 26-ஆம் தேதி, கிறிஸ்து பிறப்புத் திருநாளின் மறுநாள், காலமானார்.

படம் பார்த்தவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இவருக்கு முதன்முதல் குடியைப் பழக்கியவர் யார்?" படம் கணவர் ஜெமினி கணேசன் பக்கம் கை காட்டுகிறது. அவருடைய மகள்களில் ஒருவரோ, தம் தந்தையைத் தவறாகக் காட்டிவிட்டார்கள் என்று பகிரங்கமாக வருந்தினார். ஜெமினி கணேசனும் 2005-இல் இறந்துபோனார். இருவரும் எழுந்து வந்து நமக்குப் பதில் சொல்லப்போவதில்லை.

ஒருவனுடைய மெய்யான குற்றத்தையும் தக்க காரணமின்றி வெளிப்படுத்துவது எட்டாம் கற்பனைக்கு விரோதம் என்று திருச்சபை போதிக்கிறது. குடியின் கேட்டைக் கண்டு நாம் அஞ்சி நடப்பதற்காகச் சாவித்திரியின் வீழ்ச்சியைக் காட்டினால், அது தக்க காரணமே. ஆனால் நாம் நிச்சயமாய் அறியாத காரியத்தில் இறந்தவரைக் குற்றவாளியாகத் தீர்ப்பது நம் வேலையல்ல.

அப்படியானால் அந்தக் கேள்வியை விட்டுவிடலாமா? கூடாது. அதை நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். பிறனைப் பாவத்துக்கு இழுக்கும் துர்மாதிரிகை ஐந்தாம் கற்பனைக்கு விரோதமானது. சேலை அறுத்துக் கூலி வாங்கிய நாளில், "வா, கொஞ்சம் போட்டுவிட்டுப் போகலாம்" என்று கூட்டாளியை அழைப்பவர் யார்? கலியாண வீட்டின் பின்புறத்தில், மீசை அரும்பாத பையன் கையில் கிண்ணத்தைக் கொடுத்துச் சிரிப்பவர் யார்?

டப்ளின் நகரத்து ஏழைத் தொழிலாளி மாட் டால்பட் 12 வயதிலேயே குடிக்கத் தொடங்கினார். 1884-இல் ஒருநாள், கையில் காசில்லாமல் மதுக்கடையருகே நின்றார். அவர் காசில் முன்பு குடித்த நண்பர்கள் ஒவ்வொருவராய்க் கடந்து போனார்கள், ஒருவரும் வாங்கித்தரவில்லை. மனம் நொந்து வீடு திரும்பியவர், மூன்று மாதம் குடிப்பதில்லையென்று அன்றே பிரதிக்கினை செய்தார். 1925-இல் பூசைக்குப் போகும் வழியில் இறக்கும்வரை அவர் மறுபடி குடிக்கவில்லை. 1975-இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார்.

அந்த நண்பர்கள் அன்பினால் மறுக்கவில்லை. ஆயினும் அந்த மறுப்பையே சர்வேசுரன் ஓர் ஆத்துமத்தின் மீட்புக்கு வழியாக்கினார். அப்படியிருக்க, நாம் அன்பினால் மறுத்தால் எவ்வளவு நன்மை விளையும்! குடி நோயாக முற்றிவிட்டவனுக்கோ மறுப்பு மட்டும் போதாது. அவனை ஏளனம் செய்யாமல் மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள். பாவசங்கீர்த்தனத்துக்கும் துணையாகப் போங்கள்.

சாவித்திரியையும் அவர் கணவரையும் சர்வேசுரனுடைய இரக்கத்துக்கு ஒப்புவிப்போம். முதல் கிண்ணத்தை நீட்டியவர் யாரென்று அவர் அறிவார். இந்த வாரம் நம் கை ஒருவருக்கும் அதை நீட்டாதிருப்பதாக.