கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்

சிட்னியில் டூங்காபி என்று ஒரு புறநகர். தமிழ்க் குடும்பங்கள் நிறைய உள்ள இடம். அங்கிருந்து ஒரு நண்பர் போன் செய்தார். எனக்குச் சாயங்காலக் காபி நேரம், அவருக்கு நடுராத்திரி. பதினாறு வருஷக் கல்யாணம் முறிந்து, சொத்து விஷயத்திலும் கோர்ட்டின் இறுதி உத்தரவு வந்துவிட்டது. வீட்டை விற்று, பாங்க் கடனை அடைத்து, மிச்சத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மனைவிக்குக் கொஞ்சம் கூடுதல்.

"அப்பீல் பண்ணிட்டேன் சார். ஆனா அப்பீல் பண்ணினா மட்டும் விக்கறது நிக்காதாம். தனியா ஸ்டே கேக்கணுமாம். கேக்கலாமா?"

சட்டப்படி கேட்கலாமா என்றால் அவருடைய வக்கீலே சொல்லியிருப்பார். அவர் தூங்காமல் இருந்தது அதற்காக இல்லை.

ஆஸ்திரேலியாவின் குடும்பச் சட்டம் 1975-ல் வந்தது. சம்பாதித்தவரின் பணத்தோடு, வீட்டையும் குழந்தைகளையும் பார்த்துக்கொண்டவரின் உழைப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்டு சொத்தைப் பிரிக்கிற சட்டம். (2023-ல் நம் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் இல்லத்தரசியின் உழைப்புக்கும் சொத்தில் பங்கு உண்டு என்றபோது இங்கே அது பெரிய செய்தி!) உத்தரவு பிடிக்கவில்லையா, 28 நாளுக்குள் அப்பீல். அதுவரை நிறுத்தி வைக்க ஸ்டே மனு.

இந்த மனுவில் ஒரு வேடிக்கை உண்டு. அது தீர்ப்பு சொன்ன அதே நீதிபதியிடம்தான் பொதுவாகப் போகும். "ஐயா, நீங்கள் சொன்னது தப்பு என்று மேலே போயிருக்கிறேன். அவர்கள் முடிவு சொல்லும்வரை உங்கள் உத்தரவை நீங்களே நிறுத்தி வையுங்கள்" என்று அவரிடமே போய் நிற்க வேண்டும். அவரும் கோபித்துக்கொள்ளாமல், தன் தீர்ப்பில் வாதாடும்படியான ஓட்டை ஏதாவது இருக்கிறதா என்று யோசிக்க வேண்டும். நம் வீடுகளில் எந்த அப்பாவாவது இப்படி யோசித்திருக்கிறாரா?

அவர் பார்ப்பது இன்னும் சில. ஜெயித்தவருக்கு ஜெயித்ததன் பலன் கிடைக்க வேண்டும், அங்கேதான் ஆரம்பம். ஸ்டே கொடுக்காவிட்டால், அப்பீலில் ஜெயித்தும் பிரயோசனமில்லாமல் போகுமா? யாருக்குக் கஷ்டம் அதிகம்? அப்பீல் நல்லெண்ணத்தோடு போட்டதுதானா?

நண்பர் பக்கம் ஒரு பலமான நியாயம் இருக்கிறது. விற்ற வீடு திரும்பி வராது. நீதிபதியும் மனுஷர்தான், தப்பலாம். திருத்த முடியாத காரியத்தைக் கொஞ்சம் பொறுத்துச் செய்தால் என்ன? யாருக்கு என்ன நஷ்டம்?

யாருக்கு என்று விசாரித்தேன். அந்த அம்மாள் மகளோடு ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட்டில் இருக்கிறார். அங்கே வாடகை வாராவாரம். தன் பங்கு கையில் வந்தால் சின்னதாக ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டலாம் என்று காத்திருக்கிறார். மகளுக்குப் பதினைந்து வயது, சமையலறை மேஜையில் படிப்பு.

ஸ்டே என்றால் எதுவும் நடக்காமல் இருப்பது என்று நினைத்துக்கொள்கிறோம். வீட்டுக்குள் இருப்பவருக்குத்தான் அப்படி. வெளியே இருப்பவருக்கு ஒவ்வொரு வாரமும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. வீடு திரும்பி வராது, சரி. அந்தப் பெண்ணின் பதினைந்தாவது வயசு மட்டும் திரும்பி வருமா? கண்ணுக்குத் தெரிகிற செங்கல்லுக்கு ஸ்டே கேட்கிறோம். காலத்துக்கு யாரிடம் கேட்பது?

அதற்காக ஸ்டே கேட்பவரெல்லாம் இழுத்தடிப்பவர் என்று நான் சொல்லமாட்டேன். நிஜமாகவே தப்பான தீர்ப்புகள் வருகின்றன, அவசரத்தில் கைவிட்டுப் போனவை உண்டு. ஆனால், 'அப்பீலில் ஜெயிப்பேன், அதனால் நிறுத்துங்கள்' என்று கேட்பது வேறு. 'நிறுத்த வேண்டும், அதனால்தான் அப்பீல்' என்பது வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மனு. வித்தியாசம் மனு போட்டவருக்குத்தான் தெரியும். சில சமயம் அவருக்கும் தெரியாது.

கோர்ட்டுகள் சில சமயம் நடுவழி ஒன்று பிடிப்பதுண்டு. வீட்டை விற்கலாம், ஆனால் தகராறில் உள்ள பணம் மட்டும் அப்பீல் முடியும்வரை வக்கீலின் டிரஸ்ட் கணக்கில் இருக்கட்டும் என்று. இதைச் சொல்லி, "உங்க அப்பீல் பங்கு எவ்வளவுங்கறதைப் பத்தித்தானே? தகராறில்லாத பங்கு அவங்களுக்குப் போகட்டும். மிச்சத்துக்கு மட்டும் ஸ்டே கேளுங்களேன்" என்றேன்.

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அப்ப வீடு போயிடுமே சார்."

"போயிடும்."

"வக்கீலும் இதையேதான் சொன்னார்" என்றார். ராத்திரி ரொம்ப நேரமாகிவிட்டது, காலையில் வேலைக்குப் போகணும் என்று வைத்துவிட்டார். மனுவில் என்ன கேட்டார் என்பதை நான் இன்னும் விசாரிக்கவில்லை.