மடிப்பில் ஒட்டிய திருநீறு

ஆடி மாதம். எங்கள் ஊர் தர்மலிங்கேஸ்வரர் மலைமேல் காற்று ஆளைத் தள்ளியது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்குச் சாமி, ஆசாமி வித்தியாசம் கிடையாது. ஆரத்தித் தட்டில் நோட்டுகள் பறக்காமலிருக்க அவற்றின்மேல் நாணயங்களைப் பரப்பி வைத்திருந்தார் குருக்கள்.

எனக்கு முன்னால் ஒரு பெரியவர் நின்றார். சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஐம்பது ரூபாய் நோட்டைத் தட்டில் போட்டார். "நாப்பது எடுத்துக்கறனுங் சாமி" என்று நான்கு பத்து ரூபாய் நோட்டுகளை எண்ணி எடுத்தார். ஒன்றின் மடிப்பில் திருநீறு அப்பியிருந்தது. அவர் அதை உதறவில்லை. நோட்டை விரித்து, விரலால் வழித்து, நெற்றியில் இட்டுக்கொண்டார். நோட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

அவ்வளவுதான். மூன்று வாரமாகியும் அந்த விரல் என்னை விடவில்லை.

முதலில் சிரிப்பு வந்தது. கடவுளிடமே சில்லறை மாற்றுகிறாரே என்று. பிறகு அந்தச் சிரிப்பின்மேலேயே சந்தேகம் வந்தது. ஏனென்றால், இந்தியா ஆன்மிக நாடு, மேற்கு பொருளைத் தேடும் உலகம் என்று பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியில் முழங்கியவன் நான். முதல் பரிசு ஓர் எவர்சில்வர் டம்ளர். இன்னும் வீட்டில் புழங்குகிறது.

அந்தப் பேச்சில் மாக்ஸ் முல்லர் வருவார். 1882இல் கேம்பிரிட்ஜில், இந்தியாவை ஆள வரவிருந்த இளைஞர்களுக்கு இந்தியாவின் பெருமையை எடுத்துச் சொன்னவர். அவர் ஒருமுறைகூட இங்கே வந்ததில்லை என்பதை எழுதிக்கொடுத்த வாத்தியார் சொல்லவில்லை. விவேகானந்தர் வராமல் இருப்பாரா? 1893 செப்டம்பர் 11, சிகாகோ. கை தானாக உயரும், கைதட்டல் விழும். ஒன்பது நாள் கழித்து அதே மேடையில், இந்தியாவுக்குக் குறை மதமில்லை, சோறுதான் என்று அவர் பேசியதை எங்கோ வாசித்தபோது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. பேச்சுப்போட்டிக்கு அந்த உரையை எவரும் எழுதித் தருவதில்லை. வள்ளுவரையும் பாதிதான் சொல்லிக்கொடுத்தார்கள். அறத்துக்கு 38 அதிகாரம் வைத்தவர் பொருளுக்கு வைத்தது 70. வீடுபேற்றுக்கென்று தனிப் பால் வைக்கவே இல்லை.

புத்தகம் கிடக்கட்டும். எங்கள் அப்பாரு களத்தில் சோளம் அளக்கும்போது முதல் வள்ளத்தை ஒன்று என்று சொல்லமாட்டார். "லாபம்" என்பார். அப்புறம்தான் ரெண்டு, மூணு. கணக்கு நோட்டில் பிள்ளையார் சுழி போடாமல் ஓர் எழுத்து விழாது. ஆத்தா யாருக்காவது காய்ச்சல் கண்டால் மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் செருகுவாள். காய்ச்சல் விட்டும் ஒரு மாதம் கோயிலுக்குப் போகவில்லையென்றால், "சாமி கடன் நிக்குது கண்ணு" என்று தூக்கம் வராமல் கிடப்பாள். கடன் என்ற சொல்லைத்தான் சொன்னாள். திருப்பதிப் பெருமாளே குபேரனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பதாகக் கதை சொல்கிற ஜனம் நாம். ஆத்தாவுக்கு வேறென்ன சொல் கிடைத்திருக்கும்?

அய்யன் கொத்து வேலை பார்த்தார். 1930களிலேயே சிமெண்ட் ஆலை வந்துவிட்ட ஊர் இது. அந்தத் தூளுக்கு இங்கே கைகள் பழகியிருந்தன. சாயங்காலம் வந்து கைகால் கழுவி, விளக்குமுன் நின்று திருநீறு பூசுவார். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் சிமெண்ட் நிற்கும். பூசுகிற விரலில் எது சாம்பல், எது சிமெண்ட் என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. தட்டுக்காரப் பெரியவரின் விரல் என்னைத் தொந்தரவு செய்வது இதனால்தானோ என்னவோ.

எதையும் சிந்தவிடக் கூடாது என்பதுதான் அந்தப் பெரியவருடைய மதமா? திருநீறும் வீணாகக் கூடாது, நாற்பது ரூபாயும் வீணாகக் கூடாது. இப்படிச் சொல்லிப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. சொன்னவுடன் இன்னொருவர் ஞாபகத்துக்கு வந்து கெடுக்கிறார். அய்யனுக்கு வாரக்கூலியில் பிடித்துக்கொண்டே இருந்த ஒரு மேஸ்திரி, கும்பாபிஷேகச் சீட்டில் மட்டும் பெரிய தொகையாக எழுதினார். அவர் நெற்றியிலும் பட்டை பளிச்சென்றுதான் இருந்தது. சாமிக்கணக்கில் பைசா பாக்கி வைக்காதவர், மனுசக் கணக்கில் வைத்தார். அதே விரல்தானா அதுவும்? பெரியவர் பத்து ரூபாய் என்று நினைத்துப் பத்து ரூபாய் கொடுத்தார், பொய்யில்லை. மேஸ்திரியின் பக்தி பொய் என்று சொல்லிவிடலாமென்றால், கற்பூரம் காட்டும்போது அவர் கண் கலங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அங்கேதான் எனக்குச் சிக்கிக்கொள்கிறது.

பெரியவருக்கு அடுத்து என் முறை. நானும் பத்து ரூபாய் போடத்தான் நினைத்திருந்தேன். கையில் வந்தது இருபது. தட்டில் போட்டேன். மீதியை எடுக்கக் கை நீளவில்லை. பின்னால் ஆட்கள் நின்றார்கள். அந்தப் பத்து ரூபாய் சாமிக்குப் போனதா, என் வெட்கத்துக்குப் போனதா, இன்னும் தெரியவில்லை. கீழே இறங்கி வந்தபோது பஸ்ஸுக்குச் சில்லறை இல்லை.