பிறவியா, பழக்கமா? தூணோரம் கேட்கப்பட்ட ஒரு கேள்வி

 

சில மாதங்களுக்கு முன், அஸர் தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் ஒரு வாலிபர் தூணோரம் உட்கார்ந்திருந்தார். "ஹஜ்ரத், விவரம் தெரிந்த நாளிலிருந்து பெண்கள் மீது எனக்கு நாட்டமே இல்லை. மனம் ஆண்கள் பக்கமே போகிறது. இதை நான் தேடிப் போகவில்லை. அல்லாஹ் என்னை இப்படிப் படைத்தானா, நானாகக் கெட்டுப்போனேனா?" என்றார். வீட்டில் அவருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். யாரென்று துருவாதீர்கள். துருவித் தேடுவதைக் குர்ஆன் (49:12) தடுத்திருக்கிறது.

"எல்லாம் செல்போன், மேல்நாட்டுக் கலாச்சாரம்" என்போர் உண்டு. "எல்லாம் ஜீன்" என்போரும் உண்டு. இரண்டுமே அவசரப் பேச்சு. 2019இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு 4,70,000க்கும் மேற்பட்டோரின் மரபணுக்களைப் பார்த்தது. இதற்கென்று தனி ஜீன் எதுவும் இல்லை. இந்த நடத்தையில் மனிதர்களிடையே உள்ள வேறுபாட்டில் 8 முதல் 25 சதவீதம் வரைதான் மரபணுவால் விளங்குகிறது என்றது. அப்படியானால் மீதி எல்லாம் சுய விருப்பமா? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மூத்த சகோதரர்கள் அதிகமுள்ள ஆண்களிடம் இந்த ஈர்ப்பு சற்றே அதிகம் காணப்படுவதை 1996இல் பிளான்சர்ட், போகேர்ட் என்ற இருவர் எழுதினார்கள். தனக்கு முன் எத்தனை அண்ணன்மார் பிறக்க வேண்டும் என்று யார் தேர்ந்தெடுத்தார்?

ஹிஜ்ரி 676இல் வஃபாத்தான இமாம் நவவி (ரஹ்), ஸஹீஹ் முஸ்லிம் விரிவுரையில் 'முகன்னஸ்'களை இரு வகையாகப் பிரிக்கிறார். பேச்சிலும் அசைவிலும் பெண் சாயல் படைப்பிலேயே அமைந்தவர் ஒருவர். வேண்டுமென்றே பாவனை செய்பவர் மற்றவர். முதலாமவர் மீது பழியும் இல்லை, குற்றமும் இல்லை என்கிறார். அது சாயலைப் பற்றியது, ஈர்ப்பைப் பற்றியதல்ல, குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் தானாகத் தேடாததற்குப் பழியில்லை என்ற அளவுகோல் அங்கே இருக்கிறது. உள்ளத்தில் எழுவது சொல்லாகவோ செயலாகவோ ஆகாதவரை இந்த உம்மத்திற்கு மன்னிக்கப்பட்டது என்ற கருத்தில் புகாரியிலும் முஸ்லிமிலும் ஹதீஸ் உண்டு.

செயலைப் பற்றிய சட்டத்தை மாற்ற நான் மிம்பர் ஏறவில்லை. காரணம் பிறவி என்றாலும் பழக்கம் என்றாலும் அந்தச் சட்டம் அதேதான். மாற வேண்டியது நம் நாக்கு.

தாயத்து, தண்ணீர் மந்திரிப்பது, அதற்கு மேல் "நிக்காஹ் ஆனால் சரியாகிவிடும்" என்ற ஆறுதல். சரியாகாவிட்டால்? அந்தப் பெண்ணின் ஹக்குக்கு யார் பதில் சொல்வது? இந்த ஈர்ப்பை 'மாற்றுகிறேன்' என்று சிகிச்சை தருவது தொழில் ஒழுக்கக்கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்ற வழக்கிலிருந்துதான் அது வந்தது. டாக்டர்கள் விட்டதை நாம் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

வாலிபர் சம்மதித்த பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். பெண் பார்ப்பதை நிறுத்தச் சொன்னேன். அத்தா நெடுநேரம் பேசவில்லை, டீ ஆறிப்போனது. கடைசியில், "நான் வளர்த்ததில் ஏதும் தப்பா ஹஜ்ரத்?" என்றார்.

இல்லை என்றேன்.